மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றியவர்

கடலுக்கடியில் போய் வந்தவர்கள் எடுத்துக்கொள்ளும் படங்களில் ஒரு தோரணை அடிக்கடி தென்படும். மாஸ்க்கை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். சுற்றுலா விளம்பரங்களிலும் இதே கோலம்தான். ஆனால், மீட்புப் பயிற்சி பெற்ற ஒருவர் படகில் இருந்தபடி, அலைமேல் மிதக்கும் ஆளை இந்தக் கோலத்தில் பார்த்தால் உடனே எழுந்து நிற்பார். பீதி தலைக்கேறிய டைவர் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, மாஸ்க்கைப் பிடுங்கி நெற்றிக்குத் தள்ளுவது. அடுத்தது, வாயில் இருக்கும் ரெகுலேட்டரைத் துப்புவது. மூச்சுக்குத் துடிப்பவரே, மூச்சு வருகிற ஒரே வழியைத் துப்பிவிடுகிறார். அதனால்தான் பழகிய டைவர்கள் மேலே வந்ததும் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிக்கொள்கிறார்கள், அல்லது தலைக்குப் பின்புறமாகத் திருப்பி மாட்டிக்கொள்கிறார்கள். யாரும் தவறாகப் பதறிவிடக் கூடாதே என்றுதான்.

ரெஸ்க்யூ டைவர் பயிற்சி இப்படிப்பட்ட சின்னச் சின்ன அடையாளங்களைப் பார்க்கப் பழக்குவதில்தான் தொடங்குகிறது. நண்பர்கள் சிலர் சேர்ந்து அந்தமானுக்கு விடுமுறைக்குப் போனபோது ஹேவ்லாக் தீவில் இந்தப் பயிற்சியை எடுத்தோம். 2018 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்வராஜ் த்வீப்; ஆனாலும் படகுத்துறையில் இன்றும் ஹேவ்லாக் என்றுதான் கேட்கிறது. தேசப் பிரிவினைக்குப் பின் குடியேறிய வங்காளக் குடும்பங்களின் ஊர்கள் இவை: கோவிந்த் நகர், விஜய் நகர், ராதா நகர். பாக்குத் தோப்புகளுக்கு நடுவே டைவிங் கடைகள். மேற்கே ராதா நகர்க் கடற்கரையில் எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்கப் போவார்கள். டைவிங் படகுகள் கிளம்புவது பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில். அங்கே வற்றத்தின்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பவளக் கல்லும் மணலும் வெளியே தெரியும். டுங்கி என்று அங்கே சொல்லும் மரப்படகில் சிலிண்டர்களை வரிசையாக அடுக்கிக் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள்.

இந்தப் பயிற்சிக்கு யாரும் நேராகப் போய்விட முடியாது. முதலில் 18 மீட்டர் ஆழம் வரை போக அனுமதிக்கும் அடிப்படைப் படிப்பு, பிறகு 30 மீட்டர் வரை போகலாம் என்ற அடுத்த கட்டம், மூன்றாவதாகத்தான் இது. கூடவே முதலுதவியும் இதய மீட்பு அழுத்தமும் அண்மையில் கற்றிருக்க வேண்டும். பாடி என்ற அமைப்பின் விதிப்படி அந்த முதலுதவிப் பயிற்சி 24 மாதங்களுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். முதல் இரண்டு கட்டங்களிலும் டைவர் தன்னைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்: என் மிதப்பு, என் காது, என் காற்று. மூன்றாவது கட்டத்தில்தான் முதன்முறையாகத் தலையைத் திருப்பிப் பக்கத்தில் வருபவரைப் பார்க்கிறார். என்னைக் கேட்டால், ஒருவர் டைவர் ஆவது அங்கேதான்.

நீருக்கடியில் ஏன் பீதி வருகிறது என்று புரிய வேண்டுமானால், அங்கே மூச்சு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். 1943இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து உருவாக்கிய கருவியின் வழிவந்ததுதான் இன்றைய ஸ்கூபா. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை வாயுவில் ஓட்ட வேண்டியிருந்தது. அதற்காகக் கான்யான் அமைத்த வால்வுதான் இந்த ரெகுலேட்டருக்கு அடிப்படை. அது செய்யும் வேலை இரண்டு. நாம் இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும். சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் தரும். இரண்டாவது வேலை இல்லையென்றால் சில மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சை விரித்து மூச்சிழுக்க முடியாது.

அதற்கு ஒரு விலை உண்டு. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. 18 மீட்டரில் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைவிட 2.8 மடங்கு காற்றைச் சிலிண்டரிலிருந்து எடுக்கிறது. வழக்கமான சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர்; அதில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறக்குறைய 2200 லிட்டர். மேலே வர 50 பாரை மிச்சம் வைத்துவிட்டால் செலவழிக்கக் கையில் இருப்பது 1650 லிட்டர். அமைதியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்சிழுப்பவருக்கு அது 18 மீட்டரில் 39 நிமிடம் வரும். அதே ஆள் பதறி நிமிடத்துக்கு 50 லிட்டர் இழுத்தால் 12 நிமிடத்தைத் தாண்டாது. ஆளும் அதே ஆள், சிலிண்டரும் அதே சிலிண்டர். மனநிலை மாறியதும் காற்று மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கே வருகிறது.

பதற்றம் இன்னொரு விதத்திலும் வேலை செய்கிறது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைப் பெரும்பாலும் கிளப்புவது ஆக்சிஜன் குறைவு அல்ல, உடலில் சேரும் கரியமில வாயு. பயந்தவர் மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சு விடுகிறார். ஆழத்தில் காற்று அடர்த்தியாக இருப்பதால் அந்த அரைகுறை மூச்சில் கரியமில வாயு முழுதாக வெளியேறுவதில்லை. அது சேரச் சேர மூச்சு முட்டுகிறது. முட்ட முட்ட பயம் கூடுகிறது. சிலிண்டரில் காற்று இருந்தும், காற்று வரவில்லை என்று உறுதியாக நம்பி மேலே பாய்ந்துவிடுகிறார்கள். அப்படிப் பாயும்போது மூச்சை அடக்கிக்கொண்டால் அதுதான் பேராபத்து. பத்து மீட்டரில் நுரையீரலை நிறைத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிய அவ்வளவு ஆழம்கூடத் தேவையில்லை. மூச்சை முழுக்க அடக்கியிருந்தால் ஒன்றரை மீட்டர் ஏற்றமே போதும். கிழிந்த இடத்தின் வழியே ரத்தத்தில் கலக்கும் காற்றுக் குமிழி மூளைக்குப் போய்விடலாம்.

டைவர்களின் பாதுகாப்புக்காக 1980இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டான் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரை நேர்ந்த 947 மரணங்களை அலசினார்கள். எதில் தொடங்கியது என்று கண்டறிய முடிந்தவற்றில் சுமார் 41 சதவீதம், காற்று போதாமல் போனதில் தொடங்கியவை. கருவிக் கோளாறு 15 சதவீதம்தான். சுறா கடிக்கும், கடல் விழுங்கும் என்று கரையில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். உள்ளே இறங்குபவர்களை அதிகம் கொல்வது, மீட்டரைப் பார்க்க மறந்ததும் அதன்பின் வந்த அவசர ஏற்றமும்.

ஆகவே பயிற்சியின் முதல் பாதி முழுக்க இந்தச் சங்கிலியை ஆரம்பத்திலேயே அறுப்பது பற்றியது. பயிற்றுநர் ஒரு வரிசையை மனப்பாடமாகச் சொல்ல வைத்தார்: நில், மூச்சு விடு, யோசி, பிறகு செய். யாராவது தடுமாறினால் அவர் கையைப் பிடித்து, கண்ணுக்கு நேரே வந்து, நம் மார்புக்கு முன்னால் உள்ளங்கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, நம்மோடு சேர்ந்து மூச்சு விட வைக்க வேண்டும். பல நேரம் அதுவே போதும்.

போதாதபோது என்ன செய்வது என்பதில்தான் உடம்பு வலிக்கும் பாடங்கள் வருகின்றன. கரையில் இருந்தோ படகில் இருந்தோ உதவும்போது முதலில் எட்டிக் கொடுக்கக் கம்பு உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கயிறு கட்டிய மிதவையை எறிய வேண்டும். அதுவும் முடியாதபோதுதான் நீரில் இறங்க வேண்டும். வீரமாகக் குதிப்பது கடைசி வழி. குளத்திலும் கிணற்றிலும் ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் சேர்ந்து மூழ்கிய செய்தியை நம் ஊர்ப் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம். இந்த வரிசையை ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நீரில் இறங்கியாக வேண்டிய நிலை வந்தால், பீதியில் இருப்பவரை முன்பக்கமாக நெருங்கக் கூடாது. அவர் கண்ணுக்கு நாம் ஆள் இல்லை, ஏறி நிற்க ஒரு மேடு. கை எட்டாத தூரத்தில் நின்று முதலில் உரக்கப் பேச வேண்டும்: சட்டையில் காற்றை நிரப்பு, எடையைக் கழற்றி விடு. பிசிடி என்று டைவர்கள் சொல்லும் அந்தக் காற்றுச் சட்டை நிரம்பினாலே தலை நீருக்கு மேலே நிற்கும். ஆனால் பீதியில் இருப்பவருக்கு அந்தப் பொத்தான் நினைவுக்கு வராது. சொல் கேட்கும் நிலையில் அவர் இல்லையென்றால் முதுகுப் பக்கமாகச் சுற்றிப் போய், அவருடைய சிலிண்டரை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவர் எவ்வளவு திமிறினாலும் அங்கே அவர் கை எட்டாது. நம் இரண்டு கைகளும் சும்மா இருக்கும். ஒரு கையால் அவர் சட்டையை நிரப்பி, மறு கையால் அவர் எடையைக் கழற்றிவிடலாம்.

நெருங்கும்போதே அவர் நம்மைப் பிடித்துவிட்டால்? இந்தப் பாடம்தான் எனக்கு மிகப் பிடித்தது. கரையில் எல்லோரும் சொல்வது, உதறித் தள்ளு, மேலே வா என்று. டைவர் செய்வது நேர் எதிர். ரெகுலேட்டரை வாயில் வைத்தபடி, தன் சட்டைக் காற்றை வெளியேற்றிவிட்டுக் கீழே இறங்க வேண்டும். மூழ்குபவர் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டிருப்பார், தன்னைக் கீழே இழுப்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் பிடி தானாக விட்டுப்போகிறது. பயிற்றுநர் பீதியடைந்தவராக நடித்து என் தோளில் ஏறியபோது அதை நேரில் உணர்ந்தேன். நீர் நெற்றியைத் தாண்டியதும் அவர் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. நடிப்புதான், ஆனாலும் அந்த நொடியில் நெஞ்சு அடித்துக்கொண்டது நடிப்பில்லை.

அடுத்தது, அடியில் நினைவிழந்து கிடப்பவரை மேலே கொண்டுவருவது. ரெகுலேட்டர் அவர் வாயில் இருந்தால் அதை அங்கேயே அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே விழுந்திருந்தால் திரும்பச் செருக முயன்று நேரத்தை வீணாக்கக் கூடாது. அவருடைய காற்றுச் சட்டையைக் கொண்டே இருவரும் ஏற வேண்டும். வேகம் கைமீறினால் அவரை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் மேலே போய்ச் சேரும்போது உதவி தேவைப்படுபவர் ஒருவராக இருக்க வேண்டும், இருவராகக் கூடாது.

மேலே வந்த பிறகுதான் உண்மையான சோதனை. நினைவில்லாதவரை மல்லாக்கத் திருப்பி, மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று கன்னத்தை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மூச்சு ஊத வேண்டும். அதன்பின் ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு. அந்த ஐந்து நொடி இடைவெளிகளில் அவரைப் படகை நோக்கி இழுத்துப் போக வேண்டும்; அவருடைய எடை, சட்டை, சிலிண்டர், நம்முடைய எடை, சட்டை, சிலிண்டர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒன்று, தோள் கிளிப். இரண்டு, இழு. மூன்று, வயிற்றுப் பட்டை. நான்கு, இழு. ஐந்து, மூக்கைப் பொத்தி ஊது. ஈரத்தில் ஊறிய வெல்க்ரோ பட்டை எவ்வளவு பிடிவாதமானது என்று அப்போதுதான் தெரியும். அலை ஒவ்வொரு முறையும் சரியாக ஐந்து எண்ணும்போதுதான் வாய்மேல் வந்து விழும். அவர் வாய்க்குள் நீர் போகாமல் நம் உள்ளங்கையால் மறைத்தபடியே ஊத வேண்டும். எண்ணிக்கை தவறினால் பயிற்றுநர் கண்ணைத் திறக்காமலேயே, “செத்துட்டேன், முதல்ல இருந்து,” என்பார்.

நீரில் மூழ்கியவருக்கு மூச்சு ஊதுவது ஏன் இத்தனை முக்கியம்? மாரடைப்பில் விழுந்தவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் மிச்சமிருக்கும். நெஞ்சை அழுத்தினால் அது சுற்றும். மூழ்கியவருக்கு முதலில் தீர்ந்துபோவதே ஆக்சிஜன்தான். கரைக்கோ படகுக்கோ வந்து சேர்ந்ததும் இதயத் துடிப்பு இல்லையென்றால் 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கில் தொடர வேண்டும். நீரில் மிதந்தபடி நெஞ்சை அழுத்தினால் பயனில்லை. முதுகுக்குக் கெட்டியான தளம் வேண்டும்.

காணாமல் போனவரைத் தேடும் முறைகளும் பாடத்தில் உண்டு. கடைசியாகப் பார்த்த இடத்தில் மிதவை போட்டு, திசைகாட்டியை வைத்துச் சதுரம் சதுரமாக விரிந்துகொண்டே தேடுவது. ஒரு புள்ளியில் கயிற்றைக் கட்டி வட்டமடிப்பது. தேடும் வேலையைவிட, மேலே ஒருவர் நின்று யார் எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டே இருப்பதுதான் பெரிய வேலை என்று தெரிந்துகொண்டோம்.

டைவிங்கில் வரும் அழுத்த நோய்க்கு முக்கிய முதலுதவி சுத்தமான ஆக்சிஜன். ஆழத்தில் அதிக அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் திசுக்களில் கரைகிறது. மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வந்தால் அது பத்திரமாக வெளியேறும். விருட்டென்று ஏறினால் குமிழிகளாகி மூட்டிலும் முதுகுத் தண்டிலும் சிக்கும். 1908இல் உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்துத்தான், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற முதல் அட்டவணையைத் தயாரித்தார். ஆளைப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தபடியே அழுத்த அறை இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஹேவ்லாக்கில் இருந்து அதற்குக் கடல் கடந்து, முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்குப் போக வேண்டும். உதவி தொலைவில் இருக்கும் இடத்தில் முன்னெச்சரிக்கைக்கு மதிப்பு கூடுகிறது. விமானப் பயணத்துக்கும் இதே காரணத்தால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பல டைவ்கள் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். ஆகவே விடுமுறையின் கடைசி நாளை ராதா நகருக்கும் மணலில் சும்மா உட்காருவதற்கும் வைத்துக்கொள்வது நல்லது. முந்தைய இரவு மது குடித்துவிட்டுக் காலையில் கடலில் இறங்குவது வேண்டவே வேண்டாம். உடலில் நீர் வற்றியிருந்தால் ஆபத்து கூடும்.

துணையில்லாமல் இறங்காதே என்ற விதி ஸ்கூபாவோடு வந்ததில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் காலில் பூட்டிக்கொண்டு ஒற்றை மூச்சில் இறங்கியபோது, மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிற்றில் ஓர் உதறல் தெரிந்தால் போதும், இழுத்துவிடுவார். அந்தக் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான் என்று சொல்வார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அவன் கையில் இருக்கிறது என்பது கணக்கு. ஸ்கூபா டைவருக்குக் கயிறு இல்லை. அந்த இடத்தில்தான் ஜோடி இருக்கிறார். இறங்குவதற்கு முன் ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்க வேண்டும்: சட்டை, எடை, கொக்கிகள், காற்று. ஜோடியின் மஞ்சள் நிற உபரி ரெகுலேட்டர் எங்கே தொங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே எட்டிப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு காலையில், படகில் வழக்கமாக வாய் ஓயாத தோழி ஒருத்தி பேசாமல் இருந்தாள். மாஸ்க் பட்டையை இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள். பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னடி, சத்தத்தையே காணோம்?”

“ராத்திரி மூக்கடைச்சு தூங்கவே இல்ல. காது திறக்குமான்னு தெரியல.”

“அப்ப இன்னிக்கு வேணாம். படகிலேயே இரு.”

“எல்லாரும் எனக்காக…”

“நாங்க போயிட்டு வர்றோம். நீ டீ குடி.”

அவ்வளவுதான். யாரும் கேலி செய்யவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. சளி பிடித்த காதோடு இறங்கினால் செவிப்பறைக்கு உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகாது. வலியோடு இறங்குபவர் பதறுவார். பதறுபவருக்கு என்ன ஆகும் என்பதுதான் மேலே சொன்னதெல்லாம். அன்று அந்தப் படகில் நடந்ததும் ஒரு மீட்புதான் என்று பயிற்றுநர் சொன்னார். டைவர்களிடையே ஒரு விதி உண்டு: எந்த டைவையும், யாரும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். நீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போவோம் என்று பொருள். பார்த்தவர் மறுபேச்சில்லாமல் கூட ஏற வேண்டும். நண்பர்களாகச் சேர்ந்து போகும்போதுதான் இந்த விதியைக் காப்பாற்றுவது கடினம். ஜாலியைக் கெடுக்கக் கூடாதே என்று மென்று விழுங்குவது நண்பர்களிடம்தான் அதிகம் நடக்கும். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய இரவே, வேண்டாம் என்று சொல்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை என முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதுவரை கடலுக்கடியில் போகாதவர்கள் பயிற்றுநரின் கைப்பிடியில் 12 மீட்டருக்கு மேற்படாத அறிமுக டைவில் தொடங்கலாம். புதுச்சேரியிலும் அந்த வசதி உண்டு. பணம் கட்டுவதற்கு முன் கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? படகில் மேலேயே இருந்து கவனிப்பவர் யார்? ஆக்சிஜன் பெட்டி எங்கே? மூன்றாவது கேள்விக்குப் பதிலாகப் பெட்டியைத் திறந்து, சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று மீட்டரைக் காட்டுகிற கடையில் பெயர் கொடுங்கள்.